பாத்திரக் கடைக்கு முகம் பார்க்கும் மெஷின்: வாங்கலாம், ஆனால் பாதி மட்டும்

கடைசி வரை படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலைக்கு வருகிறவர்களின் வருகைப் பதிவுக்கு மட்டும் என்றால் இந்த ஃபேஸ் அட்டெண்டன்ஸ் மெஷின் கொடுத்த காசுக்கு மோசமில்லை. அதோடு சேர்த்துத் தலையில் கட்டப் பார்க்கிற, கடைக்கு வருகிற ஒவ்வொருவர் முகத்தையும் சிசிடிவியில் பிடிக்கிற ‘கஸ்டமர் அலர்ட்’ சாஃப்ட்வேர் வேண்டாம், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே ஆப், ஒரே டெக்னீஷியன். கம்பெனி பெயரைப் போடவில்லை, போட்டும் பயனில்லை, இதே பெட்டி நாலைந்து பெயர்களில் ஸ்டிக்கர் மாற்றி வருகிறது.

எங்களுடையது கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், லாரன்ஸ் ரோட்டுப் பக்கம் பாத்திரக் கடை. எவர்சில்வர், பித்தளை, கல்யாணச் சீர்வரிசை, ஓரத்தில் கொஞ்சம் மிக்சி, கிரைண்டர், குக்கர் உதிரி பாகங்கள். மேல்மாடி குடோன். ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பேருக்குள் வேலை செய்கிறார்கள், முகூர்த்த மாதங்களில் நாலு பேரைக் கூடுதலாகப் போட்டுக்கொள்வோம். முன்பு கைரேகை மெஷின் வைத்திருந்தோம். அது எங்கள் கடைக்குச் சரிப்படவே இல்லை. பித்தளைக்குப் பாலீஷ் போடுகிற பெரியவருக்கு விரலில் ரேகை என்று ஒன்று உண்டு என்பதையே அது ஒப்புக்கொள்ளாது. பில் போடுகிற அக்கா பண்ருட்டிப் பக்கத்துக்காரர், கல்யாணத்துக்கு முன்னால் வருஷக்கணக்கில் முந்திரிக்கொட்டை உடைத்தவர். முந்திரி ஓட்டு எண்ணெய் பட்டுப் பட்டுத் தோல் எப்படிப் பொத்துப்போகும் என்று நம் மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காலையில் அவர் விரலை முந்தானையில் தேய்த்துத் தேய்த்து வைப்பார், மெஷினுக்குள்ளிருந்து ஒரு குரல் ‘ட்ரை அகெய்ன்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். “ரேஷன் கடையிலயும் இதே கூத்துதான் அண்ணே, இங்கயுமா?” என்று ஒருநாள் கேட்டுவிட்டார். முகம் பார்க்கிற மெஷினுக்கு மாறியதற்கு அதுதான் காரணம். திருட்டைப் பிடிக்கவோ ஊழியர்களை வேவு பார்க்கவோ அல்ல.

பெட்டி பெரிய செல்போன் அளவுதான். ஐந்து அங்குலத் திரை, மேலே இரண்டு கேமரா, ஒன்று சாதாரணக் கேமரா, இன்னொன்று அகச்சிவப்புக் கதிரில் பார்ப்பது. விலை பத்தாயிரத்தை ஒட்டி, ஃபிட்டிங்கும் ஜிஎஸ்டியும் தனி. ஆளைப் பதிவு செய்வது சுலபம், பெயரை அடித்து, நேராகப் பார்க்கச் சொல்லி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பச் சொன்னால் அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். எல்லோரும் பதிந்தார்கள், அப்பாவைத் தவிர. “கடையே என்னோடது, நான் எதுக்குடா அதுக்குக் கும்பிடு போடணும்” என்று சொல்லிவிட்டுக் கல்லாவில் போய் உட்கார்ந்துகொண்டார்.

வேலை எப்படிச் செய்கிறது? நன்றாகவே செய்கிறது. குடோன் பையன் திருவந்திபுரத்தில் மொட்டை போட்டு, மீசையையும் எடுத்துவிட்டு, தலை நிறையச் சந்தனத்தோடு வந்து நின்றான். நாங்களே ஒரு நிமிஷம் திகைத்தோம், மெஷின் திகைக்கவில்லை, பச்சை லைட்டைப் போட்டு உள்ளே விட்டது. கண்ணாடி போட்டால், பொட்டு மாறினால், மழையில் நனைந்து வந்தால் எதுவும் பிரச்சினை இல்லை. மாஸ்க் போட்டால் மட்டும் சில சமயம் திணறும். போனில் ஒருவரின் போட்டோவைக் காட்டிப் பார்த்தேன், ஆதார் ஜெராக்ஸைப் பிடித்துப் பார்த்தேன், இரண்டையும் தள்ளிவிட்டது, அகச்சிவப்புக் கேமராவுக்குக் காகிதமும் போன் திரையும் உயிருள்ள முகம் போலத் தெரியாது. ஒரே குறை, எங்கள் கடை கிழக்குப் பார்த்தது, காலை ஒன்பது மணி வெயில் ஆளுக்குப் பின்னாலிருந்து அடிக்கும்போது முகம் இருட்டாகி மெஷின் முழிக்கும். சுவரை மாற்றி மாட்டிய பிறகு சரியாகிவிட்டது. கரண்ட் போனால் பேட்டரி இல்லை, யுபிஎஸ் லைனில் கொடுங்கள்.

இது எப்படி ஆளைக் கண்டுபிடிக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் அடுத்து நான் சொல்லப்போவது புரியும். போட்டோவையும் போட்டோவையும் வைத்து அது ஒப்பிடுவதில்லை. முகத்தைப் பார்த்ததும் அதைச் சில நூறு எண்கள் கொண்ட ஒரு வரிசையாக மாற்றிக்கொள்கிறது, ஏற்கெனவே பதிந்து வைத்திருக்கிற எண் வரிசைகளில் எது இதற்கு நெருக்கமோ அதைத் தேடுகிறது, நெருக்கம் ஒரு வரம்பைத் தாண்டினால் ‘இவர்தான்’ என்கிறது. அந்த வரம்பு மெனுவிலேயே இருக்கிறது, கூட்டலாம் குறைக்கலாம். குறைத்தால் யாரைப் பார்த்தாலும் தெரிந்தவர் என்று சொல்லும், கூட்டினால் சொந்த ஆளையே தெரியாது என்று சொல்லும். ஆக மெஷின் சொல்வது எல்லாமே ‘இருக்கலாம்’ தான், பச்சை லைட்டாகக் காட்டும்போது அது நமக்கு ‘ஆமாம்’ மாதிரி தெரிகிறது. பத்துப் பேர் உள்ள இடத்தில் இதனால் ஒன்றும் கெட்டுவிடாது. தப்பு நடந்தால் ஆளே எதிரில் நின்று “அண்ணே, என் பேரு போடல” என்று சொல்லிவிடுவார்.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். மெஷினை மாட்டிவிட்டுப் போன டெக்னீஷியன் அட்மின் பாஸ்வேர்டே வைக்கவில்லை. திரையை அழுத்தினால் யார் வேண்டுமானாலும் மெனுவுக்குள் போய், ஒரு பென்டிரைவைச் செருகி, மொத்தப் பேரின் முகப் பதிவையும் இறக்கிக்கொண்டு போகலாம். கேட்டதற்கு, “எந்தக் கடையிலும் வைக்கறதில்ல சார், மறந்துட்டு எங்களைத்தான் கூப்பிடுவாங்க” என்றார். ஆப்பில் ‘மூட்’ என்று ஒரு கட்டம் வேறு, காலையில் உள்ளே வரும்போது ஊழியர் சந்தோஷமாக இருக்கிறாரா, கோபமா, சோகமா என்று போடுமாம். பில் போடுகிற அக்காவுக்குத் தினமும் ‘சோகம்’. அவருக்கு முகவாகே அப்படி, கடையிலேயே அதிகம் சிரிக்க வைக்கிறவர் அவர்தான். ஐரோப்பிய யூனியனில் வேலை இடத்திலும் பள்ளியிலும் இப்படி முகத்தைப் பார்த்து உணர்ச்சி கணிக்கிற கருவிகளை 2025 பிப்ரவரியிலிருந்து தடை செய்துவிட்டார்கள், மருத்துவம், பாதுகாப்பு போன்ற காரணங்களுக்கு மட்டும் விலக்கு. இங்கே அது ‘பிரீமியம் வசதி’. நான் அந்தக் கட்டத்தை ஆஃப் செய்துவிட்டேன். அதை வைத்து ஒரு முதலாளி என்ன செய்ய முடியும் என்று யோசித்தால், நல்லதாக ஒன்றும் தோன்றவில்லை.

அப்புறம்தான் அந்த இன்னொரு சரக்கு, ‘கஸ்டமர் அலர்ட்’. பாண்டிச்சேரியிலிருந்து சேல்ஸ் பையன் லேப்டாப்போடு வந்தார். “இது வெறும் அட்டெண்டன்ஸ் இல்ல சார், உங்க பழைய சிசிடிவியையே இதுல கோத்துவிட்டா கடைக்கு வர்ற ஒவ்வொரு முகத்தையும் பிடிச்சிடும். திருடன் ஒருதடவை மாட்டினா போதும், அடுத்த தடவை வாசல்ல கால் வைக்கும்போதே உங்க போன்ல மணி அடிக்கும்” என்றார். டெமோ காட்டுவதற்கு வசதியாக முதல் நாளே எங்கள் கேமராக்களை அவர்களுடைய சர்வரில் இணைத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா குக்கர் கேஸ்கட் வாங்க உள்ளே வந்தார். லேப்டாப் திரையில் அவர் முகத்தைச் சுற்றி ஒரு பச்சைக் கட்டம், பக்கத்தில் ‘பெண், 35 முதல் 40, வருகை 2’. நேற்று வாங்கிப்போன கேஸ்கட் அளவு சேரவில்லை, மாற்ற வந்திருக்கிறார். மாற்றிக்கொண்டு, மீதிச் சில்லறையை எண்ணிப் பர்ஸில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் பெயர் எனக்குத் தெரியாது, எந்த ஊர் என்று தெரியாது, ஆனால் அவர் முகம் எங்கோ ஒரு சர்வரில் எண்ணாக ஏறிவிட்டது, அவரிடம் யாரும் கேட்கவில்லை. சேல்ஸ் பையனுக்கு அதில் சந்தோஷம்: “பாத்தீங்களா சார், வயசு கூட கரெக்ட்!”

அடுத்து அவர் காட்டியதுதான் எனக்குப் பிடிக்காமல் போனதற்கு உண்மையான காரணம். ஆப்பில் ‘பிரச்சினைக் கஸ்டமர்’ என்று ஒரு பட்டியல். யார் முகத்தையும் ஒரு தொடுதலில் அதில் சேர்க்கலாம், காரணத்துக்கு ‘திருட்டு’, ‘தகராறு’, ‘பாக்கி’ என்று ரெடியாக வைத்திருக்கிறார்கள். நிரூபணம் எதுவும் கேட்காது, கல்லாவில் அன்றைக்கு யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களுக்குக் கோபம் வந்தால் போதும். அதற்கு மேல் ஒரு படி: தெருவில் பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து சந்தா கட்டினால் பத்துப் பேருக்கும் ஒரே பட்டியல். எங்களிடம் ஒருவர் அண்டா ஒழுகுகிறது என்று வந்து கத்திவிட்டுப் போனார், அண்டா ஒழுகியதும் உண்மைதான். அவரை ‘தகராறு’ என்று யாராவது ஏற்றியிருந்தால் அடுத்து அவர் துணிக்கடைக்குப் போனாலும் மணி அடிக்கும், மருந்துக் கடைக்குப் போனாலும் மணி அடிக்கும், ஏன் எல்லோரும் தன்னையே முறைக்கிறார்கள் என்று கடைசி வரை அவருக்குத் தெரியாது. யாரிடம் போய்ப் பேரை எடுக்கச் சொல்வார்?

சரி, திருடர்களை மட்டும் ஏற்றினால் என்ன என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு முகத்தை வேறொருவர் முகத்தோடு ஒப்பிடும்போது பத்தாயிரத்தில் ஒரு தடவைதான் மெஷின் ஏமாறும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். பட்டியலில் 50 முகம். ஆவணி முகூர்த்தத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை கடைக்குள் 1000 பேர் வந்துபோகிறார்கள் என்றால், அன்றைக்கு 50,000 ஒப்பீடு, அதில் 5 பேருக்குச் சம்பந்தமே இல்லாமல் மணி அடிக்கும். பத்துக் கடை சேர்ந்து பட்டியல் 500 முகமானால் அதே நாளில் 50 பேருக்கு. அன்று உண்மையான திருடன் ஒருவன்கூட வந்திருக்க மாட்டான். மகளுக்குச் சீர் வாங்க வந்த குடும்பத்தின் பின்னாலேயே கடைப் பையன் ஒட்டிக்கொண்டு நடந்தால் அவர்கள் மறுபடி இந்தப் பக்கம் வருவார்களா? வாசலில் மாட்டியிருக்கிற அட்டெண்டன்ஸ் மெஷினில் ஆள் நின்று நேராகப் பார்க்கிறார், சிசிடிவியோ மேலே மூலையிலிருந்து, கூட்டத்தில், பாதி முகத்தைப் பார்க்கிறது. பத்தாயிரத்தில் ஒன்று என்பதே அங்கே பேராசை.

எல்லா முகத்திலும் ஒரே அளவு தப்பு செய்தாலும் பரவாயில்லை. அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 2019 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், முகம் கண்டுபிடிக்கிற 189 அல்காரிதங்களை, அதாவது இந்த மெஷின்களுக்கு மூளையாக இருக்கிற மென்பொருள்களை, சோதித்தார்கள். பலவற்றில், வெள்ளையர் முகங்களைவிட ஆசிய, ஆப்பிரிக்க முகங்களில் ஒருவரை இன்னொருவர் என்று தப்பாகச் சொல்வது 10 முதல் 100 மடங்கு வரை அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அதிகம். சீனாவில் செய்த சில அல்காரிதங்களில் கிழக்கு ஆசிய முகங்களுக்கு இந்த வித்தியாசம் காணவில்லை, அதாவது எந்த முகங்களைக் காட்டிப் பழக்குகிறார்களோ அதற்கேற்பத்தான் இதன் புத்தி. நம் கடலூர் முகங்களை வைத்து இதைச் சோதித்தீர்களா என்று சேல்ஸ் பையனிடம் கேட்டேன். “இந்தியா ஃபுல்லா ஓடுது சார்” என்றார், அது நான் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை.

கற்பனையாக எதையும் சொல்லவில்லை, இந்தப் பட்டியல் விளையாட்டை ஆடிப் பார்த்த பெரிய கடை ஒன்று ஏற்கெனவே மாட்டியிருக்கிறது. அமெரிக்காவின் ரைட் எய்ட் மருந்துக் கடைகள், 2012லிருந்து 2020 வரை நூற்றுக்கணக்கான கிளைகளில் இதே மாதிரி ‘சந்தேக முகங்கள்’ பட்டியலை வைத்து ஓட்டினார்கள். மங்கலான சிசிடிவி படங்களை எல்லாம் ஏற்றியிருந்தார்கள், கஸ்டமர்களுக்குச் சொல்லவில்லை, ஊழியர்களையும் சொல்லக் கூடாது என்றார்கள். மெஷின் தப்பாக அடையாளம் காட்டியதால் 11 வயதுச் சிறுமியை நிறுத்திச் சோதனை போட்டிருக்கிறார்கள். அந்நாட்டு வணிக ஆணையம் 2023 டிசம்பரில் எடுத்த நடவடிக்கையில் ஐந்து வருஷத்துக்கு அந்தக் கம்பெனி முக அடையாளக் கண்காணிப்பைத் தொடவே கூடாது என்று முடிவானது, சேர்த்த படங்களையும் அவற்றை வைத்து உருவாக்கிய அல்காரிதங்களையும் அழிக்கச் சொன்னார்கள். அழிக்கச் சொன்னது எனக்குப் பிடித்த பகுதி. அபராதம் கட்டிவிட்டுப் பட்டியலைத் தொடர்ந்து வைத்துக்கொள்ள முடியாதே.

நம் ஊரில் என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லை என்று சேல்ஸ் பையன்கள் சொல்வார்கள், அது பொய். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2011இல் வந்த விதிகளில் முக அமைப்பும் பயோமெட்ரிக்கில் சேர்த்தி, பயோமெட்ரிக் ‘நுண்ணிய தகவல்’, அதாவது தனிக் கவனத்தோடு காக்க வேண்டிய தகவல் பட்டியலில் சேர்த்தி, அதை வாங்கும் முன் எழுத்து மூலம் சம்மதம் வாங்க வேண்டும். பெரிய கம்பெனிக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், தனி ஆள் நடத்துகிற கடைக்கும் சேர்த்துத்தான் அந்தச் சட்டப் பிரிவு எழுதப்பட்டிருக்கிறது. லாரன்ஸ் ரோட்டில் இதைப் பற்றி யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? அதுதான் நிலைமை. 2017இல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது, 2018 ஆதார் தீர்ப்பில் தனியார் கம்பெனிகள் ஆதாரைக் கேட்க வழிவிட்ட பிரிவை அடித்தது, அதெல்லாம் பேப்பரில் படித்தோம்.

புதிதாக 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, நம்மைப் போன்றவர்களைக் கட்டுப்படுத்துகிற முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே வாக்கில் அமலுக்கு வரும் என்று வைத்திருக்கிறார்கள். சட்டத்தில் நல்ல விஷயங்கள் இருக்கின்றன. எதற்காக வாங்குகிறோம் என்று முதலில் சொல்ல வேண்டும், கேட்டால் தமிழிலேயே படிக்கக் கொடுக்க வேண்டும், தேவைக்கு மேல் வாங்கக் கூடாது, கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவதும் கொடுத்த அளவுக்குச் சுலபமாக இருக்க வேண்டும், 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் டிபன் பாக்ஸ் வாங்க வருகிற கடை எங்களுடையது, ஒவ்வொரு பிள்ளை முகத்துக்கும் பெற்றோர் சம்மதம் வாங்கி அந்த சாஃப்ட்வேரை ஓட்ட முடியுமா, சொல்லுங்கள்.

ஓட்டைகளும் இருக்கின்றன. பழைய விதியில் ‘நுண்ணிய தகவல்’ என்று முகத்துக்குத் தனி மரியாதை இருந்தது, புதிய சட்டத்தில் அந்தப் பிரிவினையே கிடையாது, போன் நம்பரும் முகமும் ஒரே தராசில். வேலை சம்பந்தப்பட்ட சில காரியங்களுக்கு, முதலாளியை நஷ்டத்திலிருந்து காப்பது உட்பட, ஊழியரின் சம்மதம் இல்லாமலே தகவலைப் பயன்படுத்தலாம் என்று ஒரு வழி விட்டிருக்கிறார்கள். அதற்குள் என்னென்ன அடங்கும் என்று வக்கீல்கள்தான் சண்டை போட்டு முடிவு செய்ய வேண்டும். பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம், கேட்க பயங்கரமாக இருக்கிறது, ஆனால் அந்தப் பணம் முழுக்க இந்திய அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். முகம் பறிபோன கேஸ்கட் அம்மாவுக்கு ஒரு ரூபாய் கிடையாது. பழைய சட்டத்தில் நஷ்டஈடு கேட்க ஒரு பிரிவு இருந்தது, புதியது முழுதாக அமலாகும்போது அதை எடுத்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2008லேயே போட்ட பயோமெட்ரிக் சட்டத்தில் பாதிக்கப்பட்டவரே வழக்குப் போடலாம், கவனக்குறைவுக்கு 1000 டாலர், வேண்டுமென்றே செய்தால் 5000 டாலர். அந்தச் சட்டத்தால்தான் ஃபேஸ்புக் 65 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்தது. முதலாளிகள் அங்கே பயப்படுவது ஆணையத்தைப் பார்த்து அல்ல, வேலை செய்கிறவர் வக்கீலிடம் போய்விடுவாரோ என்றுதான்.

சிசிடிவி கேமராக்களுக்கே நம் மத்திய அரசு 2025 ஏப்ரலிலிருந்து பாதுகாப்புச் சோதனைச் சான்று கட்டாயம் ஆக்கியிருக்கிறது. நல்லது. ஆனால் அது கேமராவை யாரும் ஹேக் செய்யாமல் இருப்பதற்கு. கேமரா பிடித்த முகத்தைக் கடைக்காரர் எந்தப் பட்டியலில் ஏற்றுகிறார் என்பது அந்தச் சோதனையில் வராது.

சட்டம் போட்டு நம் கையையே கட்டச் சொல்கிறாயே, நீயும் கடைக்காரன்தானே என்று வியாபாரிகள் சங்கத்தில் ஒருவர் கேட்டார். ஆமாம், அதனால்தான் கேட்கிறேன். கடையில் நின்றுகொண்டே வேலை செய்கிறவர்களுக்கு உட்கார ஸ்டூல் போட வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021இல் கடைகள் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் ஸ்டூல் வாங்கக் காசில்லாமலா இருந்தோம்? பக்கத்துக் கடையில் எல்லோரும் நிற்கும்போது நம் கடையில் மட்டும் உட்கார்ந்திருந்தால் கஸ்டமர் என்ன நினைப்பாரோ என்று ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான். எல்லோருக்கும் ஒரே சட்டம் என்றான பிறகு அந்தப் பேச்சு நின்றது. முகப் பட்டியலும் அப்படித்தான் ஆகும். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், எதிர்க்கடைக்காரர் வாங்கிவிட்டால் இரண்டு திருட்டு நடந்த அன்று அப்பா என்னைத்தான் திட்டுவார். பெரிய ஜவுளி மாளிகைகள் ஓசைப்படாமல் ஆரம்பித்துவிட்டால் சின்னக் கடைகள் பின்னாலேயே போகும். அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரத்தில் 2021 முதல் கடை, ஓட்டல் போன்ற பொது இடங்களில் தனியார் இந்தத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தவே தடை. அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்று நினைப்பவன் நான். என்னைக் கேட்டால் முதல் பிடியை விற்கிற கம்பெனியின் கழுத்தில் போட வேண்டும்: பாஸ்வேர்டு வைக்காமல் மெஷின் ஓடவே கூடாது, முகத் தேடல் ஆஃப் ஆகித்தான் பெட்டியிலிருந்து வர வேண்டும், கடைக்குக் கடை பட்டியல் பகிர்வது அடியோடு கூடாது. அப்புறம், வாசலில் தமிழில் ஒரு போர்டு, சிசிடிவி இருக்கிறது என்றல்ல, உங்கள் முகத்தைப் பதிகிறோம் என்று பளிச்சென்று. அந்த போர்டை வைக்கத் தைரியம் உள்ள கடைக்காரர் எத்தனை பேர் என்று பார்ப்போம்.

ஊழியர்கள் விஷயத்திலும் ஒன்று. இங்கிலாந்தில் செர்கோ லெஷர் என்ற கம்பெனி 38 உடற்பயிற்சி, பொழுதுபோக்கு மையங்களில் 2000க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு முகமும் கைரேகையும் வைத்து வருகை போட்டது. 2024 பிப்ரவரியில் அந்நாட்டுத் தகவல் ஆணையர் அலுவலகம் அதை நிறுத்தச் சொன்னது. காரணம், அடையாள அட்டை மாதிரி எளிய வழி இருக்கும்போது இது அவசியம் என்று கம்பெனியால் காட்ட முடியவில்லை, வேண்டாம் என்று சொல்ல ஊழியர்களுக்கு வழியும் கொடுக்கவில்லை. அதைப் படித்த பிறகு எங்கள் கடையில் பழைய ரிஜிஸ்டரையும் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். பாலீஷ் போடுகிற பெரியவர் அதில்தான் கையெழுத்துப் போடுகிறார், மெஷின் தன்னைப் பார்ப்பது அவருக்குப் பிடிக்கவில்லையாம். மற்றவர்களுக்கு மெஷின்தான் வசதி. பில் போடுகிற அக்காவுக்கு ரொம்பவே, காலையில் விரலைத் தேய்க்கிற வேலை ஒழிந்தது.

வாங்குவதாக இருந்தால்: சர்வரில் ஏறாமல் மெஷினுக்குள்ளேயே வைக்கிற மாடல் கேளுங்கள், இருக்கிறது, விலை பெரிதாக மாறாது. மாட்டுகிற அன்றே டெக்னீஷியன் போகும் முன் பாஸ்வேர்டு போட்டுவிடுங்கள். வருஷப் பராமரிப்புக்கு முதலில் சொல்கிற தொகையை நம்பாதீர்கள், பேசினால் நன்றாக இறங்கும். டெமோவுக்கு என்று உங்கள் சிசிடிவி பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள், கொடுத்தால் டெமோ முடிந்ததும் மாற்றிவிடுங்கள்.

மெஷினுக்கு ஐந்துக்கு நாலு ஸ்டார் போடலாம், ஆனால் மூன்றுதான் போடுகிறேன். முகூர்த்த சீசனுக்கு வந்த இரண்டு பெண்கள் வேலை முடிந்து போனதும் அவர்கள் பதிவை அழித்தேன். மெஷினில் போய்விட்டது, ஆப்பில் ‘விலகியவர்கள்’ என்ற தலைப்பில் போட்டோவோடு இன்னமும் இருக்கிறது, அழிக்கிற பட்டனே கிடையாது. கஸ்டமர் கேருக்கு எழுதினால் ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று மெசேஜ் வருகிறது, திறந்து பார்த்தால் அதே இரண்டு முகமும் அங்கேயே. அந்த இரண்டு போட்டோவும் போன அன்று மிச்ச ஸ்டாரைச் சேர்த்துவிடுகிறேன்.